நீராவி எஞ்சின் இருந்த காலத்தில் நீர்மூழ்கியைக் கையால் ஏன் சுற்றினார்கள்?

உங்கள் கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. நீராவிக் கப்பல்கள் அட்லாண்டிக் கடலைச் சர்வசாதாரணமாகக் கடந்துகொண்டிருந்த 1864-ஆம் ஆண்டில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஹன்லி நீர்மூழ்கியை ஆட்கள் கைப்பிடியால் உந்துவிசிறியைச் சுற்றி ஓட்டியது ஏன் என்பது முதலாவது. அதே காலத்தில் பார்சலோனாவில் ஒருவர் நெருப்பின்றி, வேதிப்பொருள்களைக் கொண்டே நீராவி எழுப்பி நீருக்கடியில் எஞ்சினை இயக்கினார் என்று படித்ததைக் கல்லூரிக் கருத்தரங்கில் நம்பிக்கையோடு சொல்லலாமா என்பது இரண்டாவது. நான் வணிகக் கப்பல்களின் எஞ்சின் அறைகளில் இருபத்தாறு ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு, பிறகு பயிற்சி மாணவர்களுக்குக் கொதிகலன்களைப் பற்றிப் பாடம் எடுத்தவன். நீர்மூழ்கியில் பணியாற்றியவன் அல்லன். ஆகவே எந்திரத்தைப் பற்றிச் சொல்வதை அனுபவத்திலிருந்தும், வரலாற்றைப் பற்றிச் சொல்வதைப் படிப்பிலிருந்தும் சொல்கிறேன். இடையிடையே வரும் கணக்குகள் நானே காகிதத்தில் போட்டுப் பார்த்த தோராயங்கள்.

ஹன்லியைக் கட்டியவர்கள் கைப்பிடியை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதே குழுவினர் அலபாமாவின் மொபைல் நகரில் அதற்கு முன்பு கட்டிய படகுக்கு மின்காந்த எஞ்சின் ஒன்றைப் பொருத்துவதற்காகக் காலத்தையும் பணத்தையும் நிறையவே செலவழித்தார்கள். போதுமான திறன் கிடைக்காததால் அதைக் கைவிட்டுக் கைப்பிடிக்கு வந்தார்கள். அந்தப் படகு 1863-இன் தொடக்கத்தில் மூழ்கிப்போனது; அடுத்துக் கட்டியதுதான் ஹன்லி. அதில் ஒன்பது பேர் இருந்தார்கள் என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். 2000 ஆகஸ்டில் படகைக் கடலிலிருந்து தூக்கி உள்ளே பார்த்தபோதுதான் ஏழு பேர் சுற்ற, ஒருவர் செலுத்த, ஆக எட்டுப் பேர் என்பது உறுதியானது. நீங்கள் ‘எட்டுப் பேர் சுற்றினார்கள்’ என்று எழுதியிருப்பதில் இந்தச் சிறு திருத்தம் மட்டும் தேவை. 1864 பிப்ரவரி 17 இரவு அது சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே ஹவுசடானிக் என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன்பின் அது ஏன் திரும்பி வரவில்லை என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. தன் வெடியின் அதிர்ச்சியே உள்ளே இருந்தவர்களைக் கொன்றது என்பாரும் உண்டு, காற்றுத் தீர்ந்தது என்பாரும் உண்டு.

ஏழு பேர் சுற்றினால் எவ்வளவு திறன் கிடைக்கும்? நல்ல உடற்கட்டுள்ள ஒருவர் நிறுத்தாமல் நீண்ட நேரம் சுற்றினால் 75 வாட் அளவுக்குத் தரலாம். ஏழு பேர் சேர்ந்தால் சுமார் 525 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள ஓர் இரும்புப் படகு முக்கால் குதிரைத்திறனில் போயிருக்கிறது. நீரின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன், அதாவது ஏழு பேருக்குப் பதில் ஐம்பத்தாறு பேர் வேண்டும். ஓதம் எதிர்த்து வந்தால் அந்தப் படகு நின்ற இடத்திலேயே தத்தளிக்கும். இதையெல்லாம் தெரிந்தே, வேறு வழியின்றித்தான் சுற்றினார்கள்.

சரி, சிறியதாக ஒரு நீராவி எஞ்சினை வைத்தால் என்ன? 10 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அக்காலத்துச் சிறிய எஞ்சின் ஒன்று, ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் இரண்டு கிலோ நிலக்கரியைத் தின்றால் அதுவே நல்ல எஞ்சின். ஆக மணிக்கு 20 கிலோ. ஒரு கிலோ நிலக்கரி முழுமையாக எரியக் குறைந்தது ஒன்பது, பத்துக் கன மீட்டர் காற்று வேண்டும் என்பதால், மணிக்கு 200 கன மீட்டர் காற்று. ஹன்லியின் உட்புறம் பத்துக் கன மீட்டருக்குள்தான் இருக்கும். மூன்றே நிமிடத்தில் காற்று முடிந்துவிடும். உண்மையில் அதற்கும் வெகு முன்பே நெருப்பு மங்கி, உள்ளிருப்பவர்கள் மயங்கிவிடுவார்கள். எஞ்சினும் மனிதனும் ஒரே காற்றுக்குப் போட்டியிடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினையின் வேர்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. ஒரு முறை நடுக்கடலில் மின்தடங்கலால் எங்கள் கப்பலின் எஞ்சின் அறைக் காற்றூதிகள் அனைத்தும் நின்றுவிட்டன. முதன்மை எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சில நிமிடங்களில் காது அடைத்தது. எஞ்சின் அறைக் கதவை நானும் எண்ணெய்க்காரர் ஒருவரும் சேர்ந்து இழுத்தும் அது திறக்கவில்லை; எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போசார்ஜர் அறையின் காற்றை அவ்வளவு வேகமாக உறிஞ்சியிருந்தது. வேகத்தைக் குறைத்த பிறகே கதவு அசைந்தது. அது ஐந்து மாடி உயரமுள்ள அறை. மூடிய குழாய் போன்ற ஒரு படகுக்குள் இதே நிலையை நினைத்துப் பாருங்கள்.

எனவே அன்றைய கண்டுபிடிப்பாளர்கள் அனைவரும் ஒரே சிக்கலைத்தான் வெவ்வேறு பக்கங்களிலிருந்து அவிழ்க்கப் பார்த்தார்கள்: வெளிக்காற்றைத் தொடாமல் ஆற்றலை எதில் அடைத்து உள்ளே கொண்டுபோவது? 1620-ஐ ஒட்டித் தேம்ஸ் நதியில் கோர்னேலிஸ் டிரெபெல் ஓட்டிய துடுப்புப் படகும், 1776-இல் நியூயார்க் துறைமுகத்தில் ஒரே ஆள் கையால் திருகி ஓட்டிய டேவிட் புஷ்னெலின் ‘டர்ட்டில்’ படகும், ராபர்ட் ஃபுல்டன் பிரான்சில் 1800-இல் கட்டிய ‘நாட்டிலஸ்’ படகும் மனித உடலையே எரிபொருளாகக் கொண்டவை. ஃபுல்டன் மேற்பரப்புக்கு மட்டும் மடக்கக்கூடிய பாய் ஒன்றை வைத்தார். மேலே ஓர் உந்துவிசை, கீழே வேறொன்று என்ற யோசனை அங்கேயே முளைவிட்டுவிட்டது. இவற்றில் டிரெபெலைப் பற்றிய செய்திகளை எச்சரிக்கையோடு கையாளுங்கள். அவர் வெடியுப்பைச் சூடாக்கி உயிர்வளி (ஆக்சிஜன்) உண்டாக்கினார் என்ற கதை பிற்காலத்தவரின் ஊகம். படகு இருந்தது என்பதற்கு மேல் உறுதியாக எதையும் சொல்வதற்கில்லை. டர்ட்டில் படகு ‘ஈகிள்’ என்ற பிரிட்டிஷ் கப்பலைத் தாக்க முயன்றதும் அமெரிக்கத் தரப்பினர் சொன்னதுதான். பிரிட்டிஷ் பதிவுகளில் அதைப் பற்றிய பேச்சே இல்லை.

எந்திரத்தால் ஓடிய முதல் நீர்மூழ்கி என்ற பெருமை 1863 ஏப்ரலில் ரோஷ்ஃபோர் கட்டுந்தளத்தில் நீரில் இறங்கிய பிரெஞ்சுப் படகான ‘ப்ளோஞ்சர்’ என்பதற்கு உரியது. சிமியோன் பூர்ஜுவாவும் சார்ல் ப்ரூனும் வடிவமைத்த அதன் நீளம் ஏறத்தாழ 43 மீட்டர். ஆற்றலை அவர்கள் அழுத்தக் காற்றில் அடைத்தார்கள்: 23 தொட்டிகள், மொத்தம் 153 கன மீட்டர், 12 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்), 80 குதிரைத்திறன் எஞ்சின். வேகம் 4 நாட், அதாவது மணிக்கு 4 கடல் மைல். போகக்கூடிய தூரம் ஐந்து கடல் மைல். இந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எந்த இழப்புமே இல்லாமல் அந்தக் காற்றை விரியவிட்டால் கிடைப்பது சுமார் 80 யூனிட், அதாவது 80 கிலோவாட் மணி. 80 குதிரைத்திறன் என்பது 60 கிலோவாட்; ஆக, மிஞ்சிப்போனால் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். 4 நாட் வேகத்தில் ஐந்து கடல் மைல் போகவும் ஒன்றேகால் மணி நேரம்தான் ஆகும். முழுத்திறனில் ஓடியிருக்க முடியாது என்றாலும், அந்த எண்கள் கற்பனையல்ல என்று தெரிகிறது. இன்றைய ஒரு டீசல் எஞ்சினுக்கு அந்த 80 யூனிட்டைத் தர 20 லிட்டர் டீசல் போதும். வீட்டு வாசலில் இறக்கிவைக்கும் ஒரு தண்ணீர் கேன் கொள்ளும் ஆற்றலுக்காக, ஒரு சிறிய வீட்டின் கொள்ளளவுக்கு இரும்புத் தொட்டிகளைச் சுமந்தது அந்தப் படகு.

அழுத்தக் காற்றில் இன்னொரு வினையும் உண்டு. கட்டுரைகளில் இதை அதிகம் காண முடிவதில்லை. 153 கன மீட்டர் காற்று 12 பாரில் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ளது. எஞ்சின் ஓட ஓட அந்த எடை வெளியே போய்க்கொண்டே இருக்கும். நீருக்கடியில் இருக்கும் படகு நிமிடத்துக்கு நிமிடம் இலேசாகும். அதை ஈடுகட்ட நீரை உள்ளே விட வேண்டும். சற்றே கூடினால் மூழ்கும், சற்றே குறைந்தால் மேலே துள்ளும். ப்ளோஞ்சர் ஆழத்தை நிலையாகப் பிடிக்க முடியாமல் மூக்கால் தரையைத் தொட்டும் மேலே எழும்பியும் ஓடியதற்கு அதன் நீளமும் தட்டையான தள வடிவமும் முக்கியக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. இந்த எடை மாற்றமும் அதில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. கடைசியில் அதைத் தண்ணீர் சுமக்கும் படகாக மாற்றிவிட்டார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஆம், உண்மைதான், தயங்காமல் பேசுங்கள். அவர் பெயர் நர்சீஸ் மொந்துரியோல், கட்டலோனியாவைச் சேர்ந்தவர். கடற்படை ஆளல்ல, அரசியல் கனவுகள் கொண்ட பத்திரிகையாளர். கடாகேஸ் கரையில் பவளம் எடுப்போர் படும் பாட்டைக் கண்டு, அவர்களுக்காகவே நீருக்கடியில் போகும் படகைக் கட்டத் தொடங்கியதாக அவரைப் பற்றி எழுதுவோர் சொல்வார்கள். 1859-இல் ‘இக்தினேயோ’ என்ற முதல் படகும், 1864 அக்டோபரில் இரண்டாவதும் நீரில் இறங்கின. இரண்டாவதிலும் முதலில் ஆட்களே சுற்றினார்கள். பதினாறு பேர் சுற்றியும் வேகம் வரவில்லை. அதன்பின்தான் அவர் எஞ்சினுக்குப் போனார். மேற்பரப்பில் நிலக்கரி, மூழ்கியதும் கொதிகலனுக்குச் சூடு தர துத்தநாகம், பொட்டாசியம் குளோரேட், மாங்கனீசு டை ஆக்சைடு ஆகிய மூன்றின் கலவை. குளோரேட் உடைந்து உயிர்வளி தருகிறது, அதில் துத்தநாகம் எரிந்து வெப்பம் தருகிறது, வேதிவினையில் மிஞ்சும் உயிர்வளியைச் சேமித்து ஆட்கள் சுவாசிக்கவும் விளக்கெரிக்கவும் வைத்துக்கொண்டார்.

கொதிகலன் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இந்தத் தேர்வின் நுட்பத்தை நான் வியக்கிறேன். துத்தநாகம் எரிந்தால் கிடைப்பது துத்தநாக ஆக்சைடு. குளோரேட்டிலிருந்து மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. இரண்டும் திடப்பொருள்கள். புகைபோக்கி வேண்டாம், பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டலம் வீதம் ஏறும் நீரழுத்தத்தை எதிர்த்துக் கழிவு வாயுவை வெளியே தள்ள வேண்டியதில்லை. எரிந்த பிறகும் எல்லாம் படகிலேயே இருப்பதால் எடையும் மாறாது. ப்ளோஞ்சரின் இரண்டு டன் தலைவலி இங்கே இல்லை. விலைதான் பிரச்சினை. கலவை ஒரு கிலோவுக்குத் தரும் வெப்பம், நிலக்கரி தருவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு; துத்தநாகமோ கரியின் விலைக்கு வராது. சிறிய மரப்படகுக்குள் கொதிகலன் கொதித்தால் ஆட்களும் சேர்ந்தே வேகுவார்கள். உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தொட்டதாகக் குறிப்பு உண்டு. 1867 டிசம்பரில் படகை மூழ்கவைத்து வேதி எஞ்சினை இயக்கிப் பார்த்தார்கள், எஞ்சின் ஓடியது. ஆனால் அன்று படகு அந்த எஞ்சினால் நீருக்கடியில் பயணம் போகவில்லை. பல கட்டுரைகள் இந்த வேறுபாட்டைப் பூசி மெழுகிவிடுகின்றன. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அதே மாதம் நிறுவனம் திவாலானது, படகைக் கடன்காரர்கள் பழைய இரும்புக்கடைச் சரக்காக விற்றார்கள்.

அடுத்து வந்த யோசனை நம் சமையலறையில் தினமும் நடப்பது. குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வெயிட்டை இலேசாகத் தூக்கினால் நெருப்பே இல்லாமல் நீராவி சீறிக்கொண்டு வரும், அல்லவா? அழுத்தம் குறையக் குறைய, சூடேறிய நீர் தானாகவே கொதிக்கும். மான்செஸ்டரைச் சேர்ந்த ஜார்ஜ் காரெட் என்ற பாதிரியார் 1879-இல் பர்கன்ஹெட்டில் கட்டிய ‘ரிசர்கம்’ இதே முறையில் ஓடியது: மேற்பரப்பில் கொதிகலனை நன்றாகச் சூடேற்றி, உலையை அடைத்து, புகைபோக்கியை மூடி, மிச்சச் சூட்டிலேயே எஞ்சினை ஓட்டுவது. 180 டிகிரி நீர் 120-க்கு இறங்கும்போது ஒரு டன்னுக்கு 70 யூனிட் வெப்பம் விடுபடும். அன்றைய எஞ்சின் அதில் இருபதில் ஒரு பங்கை வேலையாக மாற்றினால் மூன்றரை யூனிட். மீதி அனைத்தும் உள்ளே இருந்த மூன்று ஆட்களுக்கு. ‘மீண்டும் எழுவேன்’ என்று பொருள்படும் லத்தீன் பெயர் கொண்ட அந்தப் படகு 1880 பிப்ரவரியில், இழுத்துச் செல்லும்போது வேல்ஸ் கரையோரம் மூழ்கியது; 1995-இல்தான் மீனவர் வலை சிக்கியதை ஒட்டி அதைக் கண்டுபிடித்தார்கள். காரெட்டின் முறையைப் பெரிதாக்கி ஸ்வீடன் நாட்டு ஆயுத வணிகர் நோர்டன்ஃபெல்ட் கிரேக்கத்துக்கும், அதைக் காட்டியே துருக்கிக்கும் படகுகளை விற்றார். வியாபாரம் நன்றாக நடந்தது, படகுகள்தான் நிலைகொள்ளவில்லை. கொதிகலனிலும் தொட்டிகளிலும் பாதி நிரம்பிய சுடுநீர் முன்னும் பின்னும் அலைமோத, ஓர் ஆள் எழுந்து நடந்தாலே படகு தலைகீழாகச் சாயப் பார்க்கும். உந்துவிசை எதுவானாலும் நீளவாட்டில் சமநிலை இல்லாத படகு நீருக்கடியில் பயனற்றது என்ற பாடம் அப்போதுதான் அனைவருக்கும் உறைத்தது.

மின்கலம் வந்த பிறகு நிலைமை மாறியது. 1888 செப்டம்பரில் பதினாறே நாள் இடைவெளியில், ஸ்பெயினில் ஈசாக் பெரால் கட்டிய படகும் பிரான்சின் துலோனில் ‘ஜிம்னோத்’ படகும் நீரில் இறங்கின. இரண்டும் முழுக்க மின்மோட்டாரில் ஓடியவை. மின்கலம் காற்றைத் தொடாது, வாயுவை வெளியே தள்ள வேண்டியதில்லை, எடையும் மாறாது. ஆனால் கரைக்கு வந்துதான் மின்னேற்ற வேண்டும் என்பதால் அவை துறைமுகத்தைக் கட்டிக்கொண்டே கிடந்தன. நம் வீட்டு இன்வெர்ட்டரின் பெரிய பேட்டரி ஒன்று ஒன்றே முக்கால் யூனிட் கொள்ளும்; ப்ளோஞ்சரின் 80 யூனிட்டுக்கு அதுபோல் நாற்பத்தைந்து போதும், எடை இரண்டரை டன். அன்றைய மின்கலம் இதைவிட வெகு மட்டம் என்றாலும் அழுத்தக் காற்றை அது வென்றது ஏன் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். ஜான் ஹாலந்து என்ற ஐரிஷ் பள்ளி ஆசிரியர் தம் ஆறாவது படகில் மேலே பெட்ரோல் எஞ்சின், கீழே மின்மோட்டார், எஞ்சினைக் கொண்டே மின்கலத்தை ஏற்றுவது என்று இரண்டையும் கோத்தார். 1897-இல் நீரில் இறங்கிய அதை 1900 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படை 1,50,000 டாலருக்கு வாங்கியது. பெட்ரோல் ஆவி வெடித்து ஆட்கள் இறந்த பிறகு அந்த இடத்துக்கு டீசல் வந்தது. நீராவியை மட்டும் விட மனமில்லாத பிரிட்டன், முதல் உலகப் போரில் ‘கே’ வகையைக் கட்டிப் பட்ட பாடு தனிக்கதை: மூழ்குவதற்கு முன் புகைபோக்கிகளை மடக்கி மூட வேண்டிய நீர்மூழ்கிகள் அவை.

ஒரே எஞ்சின், மேலும் கீழும் என்ற ஆசை அதோடு தீரவில்லை. ஜெர்மனியில் ஹெல்முட் வால்டர் அடர் ஹைட்ரஜன் பெராக்சைடை வினையூக்கியின் மேல் பாய்ச்சினார். அது நீராவியாகவும் உயிர்வளியாகவும் உடைந்து டர்பைனைச் சுழற்றியது. 1940-இல் அவருடைய சோதனைப் படகு மூழ்கிய நிலையில் 28 நாட் போனது. மற்ற நீர்மூழ்கிகள் அப்போது நீருக்கடியில் பத்து நாட்டைத் தாண்டவே திணறிக்கொண்டிருந்தன. போருக்குப் பின் பிரிட்டன் அதே வழியில் கட்டிய ‘எக்ஸ்ப்ளோரர்’ படகுக்கு மாலுமிகள் ‘எக்ஸ்ப்ளோடர்’ என்று பெயர் வைத்தார்கள். துரு, அழுக்கு எது பட்டாலும் பெராக்சைடு கொந்தளிக்கும். 1955 ஜனவரியில் அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கி கடலுக்குப் போனதும் பெரிய கடற்படைகளுக்கு அந்த ஆராய்ச்சி தேவையற்றதாகிவிட்டது. அணு உலை வாங்க இயலாத, அல்லது வேண்டாத நாடுகள் இன்று வெளியிலிருந்து சூடேற்றி ஓட்டும் ஸ்டர்லிங் எஞ்சினையும், எரிபொருளையும் உயிர்வளியையும் சேர்த்து நேரடியாக மின்சாரம் தரும் எரிபொருள் கலத்தையும் நீர்மூழ்கிக்குள் வைக்கின்றன. உயிர்வளியை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது என்ற மொந்துரியோலின் வழிதான் அது, திரவ வடிவில். நம் கடற்படையின் கல்வரி வகை நீர்மூழ்கிகளுக்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் பாஸ்பாரிக் அமில எரிபொருள் கலம் ஒன்றை உருவாக்கி வருவதும் இந்த வரிசையில் சேர்வதே.

கருத்தரங்குக்கு ஒரு யோசனை. படங்களைக் காட்டுவதோடு நிற்காமல் ப்ளோஞ்சர், இக்தினேயோ, ரிசர்கம், ஜிம்னோத் நான்குக்கும் ஒரே கரும்பலகையில் மூன்று எண்களை எழுதுங்கள்: ஒரு கிலோ சுமைக்கு எத்தனை யூனிட், ஒரு மணி நேர ஓட்டத்தில் படகின் எடை எவ்வளவு மாறும், ஆட்களுக்கு எவ்வளவு சூடு மிஞ்சும். நான் மேலே போட்ட கணக்குகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். எரிபொருளின் வெப்ப அளவுகள் எந்த வெப்ப எந்திரவியல் பாடநூலின் பின் இணைப்பிலும் இருக்கும். கே வகையைப் பற்றிக் கேள்வி எழுந்தால் 1918 ஜனவரி 31 இரவு ஸ்காட்லாந்தின் மே தீவருகே என்ன நடந்தது என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு போங்கள். யாராவது நிச்சயம் கேட்பார்கள்.